கிடாய்க்கு ஒரு ஸ்ட்ரெச்சர்

எனேபிஷ் என்றால் எங்கள் மொழியில் 'இவன் இல்லை' என்று பொருள். அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தொட்டிலிலேயே போய்விட்டதால், இவனைத் தேடிவரும் கெட்டதுகளைக் குழப்பிவிட அவன் அம்மா வைத்த பெயர் அது. கெட்டது கூடார வாசலில் நின்று 'யாரது உள்ளே?' என்று கேட்கும். 'இவன் இல்லை' என்று பதில் வரும். அது தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விடும். மங்கோலியப் புல்வெளியில் அலையும் கெட்டதுகளுக்கு அவ்வளவுதான் அறிவு.

பெயர் நன்றாகவே வேலை செய்தது. பையன் குதிரையிலிருந்து விழுந்தான், கிணற்றில் விழுந்தான், ஒரு கல்யாணத்தில் கொதிக்கிற இறைச்சிச் சட்டிக்குள்ளேயே பாதி விழுந்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆறடி உயரம், சட்டி மாதிரி முகம், எதைச் சொன்னாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் சிரிப்பான். ஆடு மேய்த்தான். ஹந்த்மாவைக் கல்யாணம் செய்துகொண்டான். பிறகு ஒரு பனிக்காலம் வந்தது. அவனுடைய ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே விறைக்க வைத்துவிட்டுப் போனது. வசந்தத்தில் அவனிடம் மிஞ்சியது ஒரு நாயும் சேணமும்தான்.

ஆடு போனவர்கள் எல்லோரும் என்ன செய்தார்களோ அதையே அவனும் செய்தான். மண்ணை அலசித் தங்கம் பிரிக்க ஒரு பச்சை பிளாஸ்டிக் பேசின் வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு தங்கம் தோண்டப் போனான். கார்ட்டூனில் வரும் நிஞ்சா ஆமைகள் மாதிரி முதுகில் பச்சை ஓட்டோடு குனிந்து நடந்த அந்தக் கூட்டத்துக்கு ஊர் வைத்த பெயர் நிஞ்சா. அனுமதி கிடையாது, குழி சரியாமல் தாங்க முட்டு கிடையாது, போலீஸ் ஜீப்பின் புழுதி தெரிந்தால் ஓட்டம். தோண்டிய குழியை மூடுவது என்ற யோசனையே யாருக்கும் வந்ததில்லை. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தைச் சட்டியில் போட்டு, சோறு சமைக்கிற அடுப்பிலேயே ஆவி பறக்கக் காய்ச்சினார்கள். அந்தச் சட்டியிலேயே பிறகு டீயும் போட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டுகிறது.

பனி இளகிய ஒரு வசந்தத்தில் குழி அவன்மேல் சரிந்தது. கழுத்துவரை மண். தலை மட்டும் வெளியே. ஓடிவந்த கூட்டாளி ஷராவ் அந்தத் தலையைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்:

"டேய், லைட்டர் உன் பாக்கெட்லதானே இருக்கு?"

இழுத்தார்கள். எனேபிஷ் வந்தான், கால்சட்டை வரவில்லை. அது இன்றைக்கும் அந்த மலைக்குள்ளேதான் இருக்கிறது, லைட்டரோடு. ஊரே சிரித்தது. எனேபிஷும் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தான். ஹந்த்மா சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை அனுமதி இல்லாத குழியிலே இறங்கினே, நான் நகரத்திலே எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். மிரட்டுறேன்னு நெனைக்காதே. சொல்லி வெக்கிறேன், அவ்வளவுதான்."

ஹந்த்மா சொன்னால் செய்பவள். ஒருமுறை, மறுபடி குடித்துவிட்டு வந்தால் சேணத்தை விற்றுவிடுவேன் என்றாள். இப்போது அந்தச் சேணம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேறொருவன் குதிரைமேல் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் சிறிய அளவில் தங்கம் தோண்டுகிறவர்களுக்கு வழி செய்தது. குழுவாகச் சேர்ந்தால் சட்டப்படி ஒரு துண்டு நிலம் ஒதுக்குவோம், விதிப்படி தோண்டுங்கள், பாதரசம் கூடாது, கல்லைப் பாதரசமில்லாமல் தங்கம் பிரிக்கிற ஆலைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஷராவ், எனேபிஷ், இன்னும் சில பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் யார் என்று பேச்சு வந்தபோது எனேபிஷ் ஒன்றுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் என்று புரியாமல் அவனும் தட்டினான். அப்படித்தான் அவன் தலைவரானான்.

தலைவரானதும் மனுஷனுக்குப் பாதுகாப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. கழுத்துவரை மண்ணில் நின்று பார்த்தவன் அல்லவா, அவன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனாலும் ஒரு அளவு வேண்டாமா? குழிக்கு முட்டுக்கொடுத்தான், கயிற்றைத் தினமும் இழுத்துப் பார்த்தான், காற்று வருகிறதா என்று சோதிக்காமல் ஒருவரையும் இறக்கவில்லை. அதெல்லாம் சரி. ஹெல்மெட்டை அவன் கழற்றவே இல்லை. சாப்பிடும்போது ஹெல்மெட். மச்சினன் கல்யாணத்தில் பட்டு உடுப்புக்கு மேலே ஹெல்மெட். கூடாரத்துக்குள் வந்த விருந்தாளி மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினால், வாங்கி முகர்ந்து பார்ப்பதற்கு முன் கூரைக்கம்புகளை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பான்.

"எதுக்குய்யா மேலே பாக்கறே?" என்பாள் ஹந்த்மா. "இது கூடாரம். சரிஞ்சா கம்பளிதான் மேலே விழும்."

"கம்பளியும் கனம்தானே" என்பான் அவன்.

விதிப்படி ஒரு ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று சொன்னதும் ஓடிப்போய் வாங்கிவந்தான். ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருந்தது. அதற்கு வேலையே வரவில்லை, அவன் விட்டால்தானே! அதனால் அடிக்கடி ஒத்திகை வைத்தான். அடிபட்டவனாக நடிக்க எப்போதும் ஷராவ்தான் முன்வருவான். கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் படுத்திருப்பான். இறக்கிவைத்தால் "இன்னும் வலிக்குதுடா, இன்னொரு சுத்து போங்க" என்பான்.

எல்லாம் நன்றாகப் போனது. ஒதுக்கிய துண்டில் தங்கம் தீர்ந்தது. இப்போது அடுத்த துண்டு வேண்டும். விதி என்ன சொல்கிறதென்றால், தோண்டிய நிலத்தை முதலில் மூடி, மேல்மண் பரப்பி, புல் முளைக்கவைத்து, மேய்ச்சல் நிலமாகவே திருப்பித் தரவேண்டும். அரசாங்கக் கமிட்டி ஒன்று வந்து பார்க்கும். ஏற்றுக்கொண்டால் அடுத்த துண்டு. மறுத்தால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் என்ன? ஷராவும் மற்றவர்களும் பழைய பச்சை பேசினை முதுகில் கட்டிக்கொண்டு பழைய குழிகளுக்குப் போவார்கள். எனேபிஷும் போகவேண்டியிருக்கும், அவனுக்கு வேறு தொழில் தெரியாது, ஆடும் இல்லை. அவன் இறங்கிய அன்றைக்கே ஹந்த்மா பேருந்து ஏறிவிடுவாள். ஆகவே எனேபிஷுக்குப் புல் முளைத்தாக வேண்டும்.

மூடினார்கள். அந்தத் துண்டில் பழைய நிஞ்சாக் காலத்துக் குழிகளும் ஏராளம்; அவற்றையும் மூடினார்கள். விதை தூவினார்கள். அந்தக் கோடையில் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடையோ தூரத்தில். குழு முழுவதும், ஹந்த்மாவும் சேர்ந்து, பச்சை பேசின்களில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். கடைசியில் முளைத்தது பாருங்கள் புல், அப்படி ஒரு புல்! சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் காய்ந்து பழுத்துக் கிடக்க, நடுவில் அது மட்டும் பச்சைப் பசேல்.

அதுதான் வினையாகப் போனது. அந்தப் பச்சையை எனேபிஷ் பார்த்ததுபோலவே அந்தப் பள்ளத்தாக்கின் எல்லா ஆடு மாடு குதிரையும் பார்த்தன. எங்கள் பக்கம் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போடுகிற வழக்கம் இல்லை. போட்டால் ஊர் காறித் துப்பும். அதனால் எனேபிஷ் ஓடினான். கத்தினான், கை தட்டினான், பேசினில் தட்டிச் சத்தம் எழுப்பினான். ஆடுகள் ஓடின, மாடுகள் ஓடின, ஒரு ஒட்டகம்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகிப் போனது.

ஒன்று மட்டும் போகவில்லை. ஜம்யான் கிழவரின் நேர்ந்துவிட்ட கிடாய்.

மலைத்தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட பிராணியை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, கட்டக் கூடாது, விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. அதன்மேல் ஒரு கடுஞ்சொல்கூடப் படக்கூடாது. மயிரைக்கூடக் கத்தரிக்க மாட்டார்கள். ஆகவே அந்தக் கிடாய் எத்தனையோ வருஷத்து மயிரைத் தரைவரை தொங்கவிட்டுக்கொண்டு நடந்தது. கொம்பில்லாத மொட்டைத் தலை, கழுத்தில் பல நிறப் பட்டுநாடாக்கள், வயிறு ஒரு பீப்பாய். தனக்கு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அதற்கு நன்றாகத் தெரியும். குழு அதற்கு மந்திரி என்று பெயர் வைத்தது.

மந்திரி காலையில் வரும். பச்சைக்கு நடுவே நிற்கும். எனேபிஷைப் பார்த்துக்கொண்டே மெல்லும்.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?" என்று எனேபிஷ் குனிந்து கேட்டான். கடுஞ்சொல் கூடாதே.

மந்திரி மென்றது.

"மரியாதை கொஞ்சம் அதிகமாயிருச்சோ?" என்றான் ஷராவ். "தம்பின்னு கூப்பிட்டுப் பாரு."

உப்பு வைத்து வேறு பக்கம் இழுத்தார்கள். மந்திரி உப்பை நக்கித் தீர்த்து, அந்த ருசியில் இன்னும் பசியெடுத்து, புல்லுக்கே திரும்பி வந்தது. ஒரு பொம்மை செய்து, பழைய கோட்டை மாட்டி நிறுத்தினார்கள். மந்திரி கோட்டைத் தின்றது. எனேபிஷ் மலையுச்சியில் தெய்வத்துக்காகக் குவித்த கற்குவியலுக்குப் போய் மும்முறை வலம் வந்து, பால் தெளித்து, "அம்மா, தாயே, உன் ஆளைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கோ" என்று கெஞ்சினான். இறங்கி வந்து பார்த்தால் மந்திரி இன்னொரு கிழட்டு ஆட்டையும் துணைக்குக் கூட்டிவந்திருந்தது.

வேறு வழியில்லாமல் ஜம்யானிடமே போனான். ஜம்யான் நிஞ்சாக்களைக் கண்டாலே எரிந்து விழுகிறவர். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. நிலத்தைப் பார்க்க வரும் கமிட்டியில் மேய்ப்பர்கள் சார்பில் உட்காரப் போவதும் அவரேதான். எனேபிஷ் தூரத்திலேயே வழக்கப்படி "நாயைப் பிடிங்க!" என்று கத்தினான். ஜம்யான் பிடிக்கவில்லை. நாய் ஹெல்மெட்டைப் பார்த்துக் குழம்பிப்போய்த் தானாகவே விலகியது.

"ஆடெல்லாம் கொழுத்திருக்கா ஐயா?" என்று குசலம் விசாரித்தான் எனேபிஷ்.

"ஒண்ணு மட்டும் நல்லாக் கொழுத்திருக்கு" என்றார் ஜம்யான், உப்பு டீயை ஊற்றியபடி. "உன் புண்ணியத்திலே."

"அதைப் பத்தித்தான் பேச வந்தேன். கமிட்டி வர்ற வரைக்கும் கொஞ்சம் உங்க பட்டியிலேயே…"

"கட்டச் சொல்றியா? நேர்ந்துவிட்டதையா?" கிழவர் கண்ணில் சந்தோஷம் கூத்தாடியது. "அது நான் அனுப்பிப் போகலேப்பா. மலை அனுப்புது. மலையைக் குடைஞ்சீங்கல்ல, அதுகிட்டயே போய்ப் பேசு."

"பேசிட்டேன் ஐயா. இன்னொரு ஆட்டையும் அனுப்பிருச்சு."

ஜம்யான் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கூடாரம்வரை கேட்டதாம். எனேபிஷுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்லலாம், ஆறடி மனுஷன் அன்றைக்கு வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வந்தான்.

கடைசியில் பௌத்த மடத்து லாமாவைக் கேட்டான். லாமா அவசரத்தில் இருந்தார், அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பாமல் மக்கர் செய்துகொண்டிருந்தது. "விரட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. சுமக்கலாம். சுமந்தா அது மரியாதைதானே" என்றார் உதைத்துக்கொண்டே. வண்டி கிளம்பியது. அவர் போய்விட்டார்.

எனேபிஷ் அப்படியே நின்றான். பிறகு குழுவிடம் ஓடினான்.

"ஸ்ட்ரெச்சரை எடுங்கடா!"

மறுநாள் காலை மந்திரி வந்து ஒரு வாய் கடிக்கும் முன் நான்கு பேர் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். "மன்னிக்கணும்" என்று சொல்லித் தூக்கி, ஆரஞ்சு ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். எனேபிஷ் ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்தான்.

"இது எதுக்கு?" என்றான் ஷராவ்.

"வேலைத் தளத்துக்குள்ளே யாரா இருந்தாலும் போடணும். விதி."

"அது ஆடுடா."

"விதியிலே ஆடு தவிரன்னு எழுதலே. அப்புறம், தலைக்குத் தொப்பி வெக்கிறது மரியாதைதானே? நீ உன் மாமனார் வீட்டுக்குத் தொப்பி இல்லாமப் போவியா?"

மொட்டைத் தலையில் ஹெல்மெட் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. மேலே ஒரு நீலப் பட்டுத்துணியும் போர்த்தி, மரியாதையாகக் கொஞ்சம் தள்ளியிருக்கும் வட்டக்குன்றுக்கு அப்பால்வரை சுமந்துபோய் இறக்கிவிட்டார்கள். மந்திரி எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்து, அங்கேயே காய்ந்த புல்லை மேய ஆரம்பித்தது. குழு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது.

அடுத்த நாள் காலையில் மந்திரி திரும்பி வந்தது. கொஞ்சம் பச்சைப் புல்லைக் காலை உணவாக முடித்தது. பிறகு நேராக ஸ்ட்ரெச்சர் வைத்திருந்த இடத்துக்குப் போய், அதன்மேல் ஏறிப் படுத்து, கழுத்தை நீட்டி ஹெல்மெட்டுக்குக் காத்திருந்தது.

ஷராவின் முகம் கறுத்தது. "இவ்வளவு நாள் அது என் இடம்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் சவாரி. மந்திரி ஒருநாளும் தவறவில்லை. தூக்குகிறவர்கள் மெதுவாக நடந்தால் கனைக்கும். புல்லின் ஒரு ஓரம் கட்டையாகிக்கொண்டே வந்தது. எனேபிஷ் ஒவ்வொரு மாலையும் அந்த ஓரத்தில் குந்தி உட்கார்ந்து புல்லைக் கையால் நிமிர்த்தி நிமிர்த்திவிட்டான், அப்படிச் செய்தால் உயரமாகத் தெரியுமாம்.

கமிட்டி மதியம் வருவதாகச் சொல்லியிருந்தது. எங்கள் பக்கம் அதிகாரிகள் மதியம் என்றால் சாயங்காலம் வருவார்கள். அதை நம்பித்தான் எல்லோரும் வாழ்க்கை நடத்துகிறோம். அன்றைக்குப் பார்த்து அவர்கள் காலையிலேயே கிளம்பி வந்துவிட்டார்கள். குழு அப்போது வட்டக்குன்றின் சரிவில் மந்திரியைச் சுமந்து போய்க்கொண்டிருந்தது. எனேபிஷ் முன்பக்கம் இடது கைப்பிடியில்.

ஜீப்பிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஹெல்மெட் போட்ட ஆட்கள் ஓட்டமும் நடையுமாக ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் போகிறார்கள். அதில் நீலப் பட்டு போர்த்திய உருவம். தலைமாட்டில் ஒரு ஹெல்மெட் ஆடுகிறது.

"குழி சரிஞ்சிருச்சு!" என்று அலறினான் டிரைவர். வண்டியை வழியிலிருந்த ஹந்த்மாவின் கூடாரத்தின் முன்னால் நிறுத்தி, "அக்கா, உங்க ஆளுங்க யாரையோ ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடறாங்க!" என்றான்.

ஹந்த்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். யாரை என்று கேட்கவில்லை. மாவுக் கையோடு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

எனேபிஷ் முதலில் பார்த்தது ஒரு புழுதியை. அதற்குப் பின்னால் இன்னொரு பெரிய புழுதி. முன்னால் வந்த புழுதியிலிருந்து மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்தது, ஒரு பெண் ஓடிவந்தாள். இவர்கள் பயந்துபோய் ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்தார்கள். அவள் அப்படியே அதன்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள்.

"எனேபிஷ்! எனேபிஷ்! என்னை விட்டுட்டுப் போயிராதேய்யா! நான் எங்கேயும் போகமாட்டேன்யா, சும்மா சொன்னேன்யா!"

"என்னம்மா?" என்றான் எனேபிஷ், தலைமாட்டில் நின்றபடி.

"மே" என்றது மந்திரி, பட்டுக்குள்ளிருந்து.

ஹந்த்மா தலையை நிமிர்த்தினாள். ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு தாடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். எழுந்து, மாவுக் கையை ஓங்கி, அவன் தலையில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். எல்லாம் ஹெல்மெட்டில் விழுந்தது.

"ஒண்ணும் வலிக்கலே" என்றான் எனேபிஷ், பெருமையோடு. "பாத்தியா, இதுக்குத்தான் நான் எப்பவும்…"

அடுத்த அடி முதுகில் விழுந்தது. பிறகு அவள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனேபிஷும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இவள் தனக்காக இப்படி அழுவாள் என்று அவன் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நினைத்ததில்லை. மெதுவாக அவள் விரலிலிருந்த மாவை உரித்துவிட்டான்.

அதற்குள் ஜீப் வந்து நின்றது. சுற்றுச்சூழல் அலுவலர் நோமின் குதித்து இறங்கினாள். சின்ன வயசுப் பெண், முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கு அடி? உயிர் இருக்கா?"

"இருக்குங்க" என்றான் ஷராவ். "இப்பத்தான் சாப்பிட்டுச்சு."

பின்னாலேயே ஜம்யான் இறங்கினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் அருகே வந்தார். கிழவர் தன் கிடாயைப் பார்த்தார், பட்டுத்துணியைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"இதுக்குத் தொப்பி வெச்சது யாரு?"

"நான்தான் ஐயா" என்றான் எனேபிஷ், எழுந்து நின்று. "தளத்துக்குள்ளே யார் வந்தாலும்…"

ஜம்யான் குனிந்தார். தாடைக்குக் கீழே வாரைத் தொட்டுப் பார்த்தார். "இறுக்கிக் கட்டியிருக்கே. மெல்ல முடியுமா பாவம்?" என்று சொல்லிக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.

எல்லோரும் நிலத்துக்குப் போனார்கள். நோமின் புல்லுக்குள் இறங்கி நடந்தாள். கட்டையாகிப்போன ஓரத்துக்கு வந்ததும் நின்று, மண்டியிட்டாள்.

"இந்தப் பக்கம் மேஞ்சிருக்கு."

"மேடம், நாங்க எவ்வளவோ தடுத்தோம்" என்று எனேபிஷ் ஆரம்பித்தான். "உப்பு வெச்சோம், பொம்மை வெச்சோம், மலைக்குப் போனோம், தினமும் சுமந்துகிட்டுப் போய்…"

"ஏன் தடுத்தீங்க?" என்றாள் நோமின், நிஜமாகவே புரியாமல். ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். "மேய்ச்சல் நிலமாத்தானே திருப்பித் தரணும்? ஆடு கடிச்சும் வேர் நிக்குது. எனக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. அந்தக் கிடாயை நீங்க விட்டு வெச்சிருக்கலாம்."

குழு முழுவதும் எனேபிஷைத் திரும்பிப் பார்த்தது. வட்டக்குன்றுவரை அத்தனை தடவை சுமந்த தோள்கள். ஷராவ் தன் தோளைத் தடவிக்கொண்டே, "முன்னாடியே கேட்டிருக்கலாம்ல, தலைவரே" என்றான் மிக மெதுவாக.

கமிட்டியில் மற்றவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். மிச்சம் ஜம்யான். மேய்ப்பர் சார்பில் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கிழவர் நிலத்துக்குள் நடந்தார். கைத்தடியால் குத்திப் பார்த்தார். திரும்பினார், மறுபடி நடந்தார், ஒரு இடத்தில் நின்று தூரத்து மலையைக் கண்ணால் அளந்து, இரண்டு எட்டு பின்னால் வந்தார். மறுபடி குத்தினார். என்ன குறை கண்டுபிடிக்கிறாரோ என்று எனேபிஷ் பின்னாலேயே போனான்.

"என்னய்யா தேடறீங்க?"

"என் செவலைக் குதிரை கால் ஒடிஞ்ச குழியை" என்றார் ஜம்யான், நிமிராமல். "இங்கேதான். திறந்து கெடந்துச்சு. புல்லு மறைச்சிருந்துச்சு, அதுக்குத் தெரியலே. நான்தான் சுட வேண்டியதாப் போச்சு."

அந்தக் குழியைத் தோண்டியது யாரோ. அவனாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் எத்தனை குழி தோண்டினான் என்று அவனுக்கே தெரியாது. அவமானத்தில் அவன் காது இரண்டும் சிவந்தன.

ஜம்யான் இன்னும் கொஞ்சம் தேடினார். தேடத் தேட அவருக்குக் கோபம் ஏறியது.

"எங்கேடா அது? ஒரு மேடு இல்லே, ஒரு பள்ளம் இல்லே. மூடினதுதான் மூடினீங்க, ஒரு அடையாளமாவது வெச்சிருக்கக் கூடாதா? மனுஷன் எங்கே நின்னு திட்டுறது?"

"மன்னிச்சிருங்க ஐயா" என்றான் எனேபிஷ்.

கிழவர் கைத்தடியைப் புல்லில் ஊன்றி நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததை எனேபிஷ் பார்த்தான், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

"நாளைக்கு என் ஆட்டையெல்லாம் இங்கே ஓட்டிட்டு வரேன்" என்றார் ஜம்யான் கடைசியில், நோமினைப் பார்த்து. "போதுமா?"

"போதும் ஐயா" என்றாள் நோமின். "கொஞ்ச கொஞ்சமா மேய விடுங்க."

மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது ஜம்யானின் மந்தை சரிவில் இறங்கியது. வெள்ளையும் கறுப்புமாக ஒரே இரைச்சலோடு வந்து அந்தப் பச்சைக்குள் பரவியது. கூடார வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த எனேபிஷ் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, பேசினையும் கட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினான். ஹந்த்மா அவன் இடுப்புக்கச்சையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கே ஓடறே?"

"புல்லு…"

"புல்லை ஆடு தின்னும்யா. வேற என்ன பண்ணும்?"

எனேபிஷ் நின்றான். கட்டையைக் கீழே போட்டான். நூற்றுக்கணக்கான வாய்கள் ஒன்றாகப் புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் வாசல்வரை வந்தது. தன் ஆடுகள் போனபிறகு அவன் அந்தச் சத்தத்தை இவ்வளவு பக்கத்தில் கேட்டதே இல்லை. அவன் தோண்டிப் புண்ணாக்கிய மண்ணிலிருந்து அது வந்தது. அவன் தரையில் குந்தி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

ஹந்த்மா கீழே கிடந்த கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, மறுபடி டீ ஊற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த துண்டு எந்தப் பக்கம் தர்றாங்களாம்?"

"வடக்கே."

"ஓடை பக்கத்திலே இருக்கான்னு கேட்டியா? புல்லுக்கு அவ்வளவு தூரம் தண்ணி சுமக்க என்னாலே இன்னொரு தடவை முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

"கேக்கறேன்" என்றான் எனேபிஷ். "இன்னைக்கே போய்க் கேக்கறேன்."